அச்சுப் பக்கத்திற் சமன்பாடுகள்



வானொலியிலே கணிதம் பேச முற்படுவோனுக்கு முதலிலேயே ஓர் இடர்ப்பாடு நேர்கின்றது. கதையையும் பாட்டையும் காதினாற் கேட்டு இன்புறலாம். சமன்பாட்டையோ கண்ணினாற் காணவேண்டும். இதனைச் சிறிய ஓர் எடுத்துக்காட்டினால் விளக்குகின்றேன். கையிலே தாளும் பென்சிலும் வைத்திருப்போர் நான் சொல்வதை எழுதிக்கொள்ளுங்கள்: "மூன்று சக ஐந்தின் கீழ் இரண்டு." எழுதியாயிற்றா? உங்களுட் சிலர் மூன்றையும் ஐந்தையும் அடுத்தடுத்து எழுதி, இரண்டின் கீழும் நீண்ட கோடொன்றை இழுத்து, அக்கோட்டின் கீழே இரண்டு என்று எழுதியிருப்பீர்கள். அவர்களுக்கு விடை நான்கு. வேறு சிலர் மூன்றைத் தனியே நிறுத்திவிட்டு, ஐந்தின் கீழே மாத்திரம் குறுங்கோடு இழுத்து இரண்டை எழுதியிருப்பீர்கள். அவர்களுக்கு விடை ஐந்தரை. இரு சாராரும் என் சொல்லைச் சரியாகவே கேட்டீர்கள்; சரியாகவே எழுதினீர்கள். கோட்டின் நீளம் எவ்வளவு என்பதை என் வாய் சொல்லவில்லை, அவ்வளவுதான்.

இதிலிருந்து ஓர் உண்மை புலனாகும். மொழியை எழுதும்போது எழுத்துக்கள் ஒன்றன்பின் ஒன்றாக ஒரே வரியிற் செல்கின்றன. வாயினாற் சொல்லும் ஒழுங்கும் தாளில் எழுதும் ஒழுங்கும் அங்கே ஏறக்குறைய ஒன்றாகும். கணிதத்தின் நிலை வேறு. ஓர் எண் எது என்பது பாதிப் பொருள். அது வரியின் மேலே நிற்கின்றதா, கீழே நிற்கின்றதா, வரியிலேயே நிற்கின்றதா என்பது மறுபாதிப் பொருள். மட்டக்களப்பு வாவிக்கரையிற் பிறந்தவர்களுக்கு இதனை விளக்குதல் எளிது. வடக்குத் தெற்காக நீண்டு கிடக்கும் எங்கள் வாவிக்குக் கிழக்கே, ஞாயிறு எழும் பக்கம், எழுவான்கரை எனப்படும். மேற்கே, ஞாயிறு படும் பக்கம், படுவான்கரை எனப்படும். ஒருவர் எக்கரையில் இருக்கின்றார் என்பதைச் சொல்லாவிட்டால் அவருடைய இருப்பிடத்தைச் சொன்னதாகாது. பின்னத்தின் நடுவே கிடக்கும் கோடும் அத்தகைய ஒரு வாவியே. மூன்று கோட்டின் மேலும் இரண்டு கோட்டின் கீழும் நின்றால் அதன் பெறுமானம் ஒன்றரை. அவை கரை மாறினால் மூன்றில் இரண்டு. எண்கள் அவையே, கரைதான் வேறு.

இன்று பாடநூல்களும் வினாத்தாள்களும் ஆசிரியர் குறிப்புக்களும் பெரும்பாலும் மேசைக் கணினியிலேயே பக்கமாக அமைக்கப்படுகின்றன. இத்தொழிலை டி.ரி.பி. என்று சுருக்கமாகச் சொல்வது வழக்கம். அவ்வாறு அமைக்கப்படும் பக்கத்திலே சமன்பாட்டைச் சேர்ப்பது எவ்வாறு, அதனிடையே நேரும் பிழைகள் யாவை, அவற்றைத் தவிர்க்கும் நெறி யாது என்பனவே இன்றைய பேச்சின் பொருளாகும். இஃது அச்சகத்தாருக்கு மாத்திரம் உரிய பொருளென்று எண்ணவேண்டா. பிள்ளைகளைப் பாடசாலைக்கு அனுப்பும் ஒவ்வொரு குடும்பத்துக்கும் இதிலே பங்குண்டு. அதற்குச் சான்றாக என் வாழ்விலே நிகழ்ந்த ஒன்றைக் கூறுகின்றேன்.

சில ஆண்டுகளுக்கு முன்னர், வாவிக்கரைப் பாடசாலை ஒன்றிலே நான் கணிதம் கற்பித்துவந்த காலத்தில், ஏழாந்தர மாணவர்க்குத் தவணைப் பரீட்சைக்கான வினாத்தாளொன்றைத் தயாரித்தேன். சுட்டிகளைப் பற்றிய வினா அதிலே இருந்தது. இரண்டின் ஐந்தாம் வலுவையும் மூன்றின் இரண்டாம் வலுவையும் கூட்டவேண்டும் என்பதே வினா. எண்ணில் எழுதினால் 2⁵ + 3² ஆகும். முன்னையது முப்பத்திரண்டு, பின்னையது ஒன்பது, கூட்டினால் நாற்பத்தொன்று. என் கையெழுத்திலே வினா சரியாகவே இருந்தது. கணினியிலே பொறிக்கப்பட்டபோது மேலே நிற்கவேண்டிய சிற்றெண்கள் இரண்டும் வரியில் இறங்கிவிட்டன. 25 + 32 என்று தாள் அச்சாகி வந்தது. நான் படி திருத்தாமலே ஒப்பமிட்டுவிட்டேன்.

பிள்ளைகளிற் பலர் ஐம்பத்தேழு என்று விடை எழுதியிருந்தார்கள். அச்சிலிருந்ததற்கு அதுவே சரியான விடை. சிலர், சுட்டிப் பாடத்திலே இவ்வளவு எளிய கூட்டல் வருமா என்று ஐயுற்று, நாற்பத்தொன்று என்று எழுதினார்கள். படுவான்கரையிலிருந்து வரும் சிறுமி ஒருத்தி இரு விடைகளையும் எழுதி, அவற்றின் கீழே "எது சரி, சேர்?" என்று கேட்டிருந்தாள். எல்லோருக்கும் புள்ளி கொடுத்தேன். ஆயினும் அவளுடைய வினா என் மனத்தைவிட்டு அகலவில்லை. பிழை பிள்ளையினுடையதன்று, கணிதத்தினுடையதுமன்று. அது பக்க அமைப்பினுடையது. வகுப்பாசிரியரிடம் கேட்கலாம், பொதுப் பரீட்சை மண்டபத்திலே யாரிடம் கேட்பது?

தமிழிலே கணிதத்தை அச்சிடும் முயற்சி புதிதன்று. அச்சுக்கு முற்பட்ட காலத்திலே நம் முன்னோர் பின்னங்களை வேறு முறையாலே கையாண்டார்கள். அரை, கால், அரைக்கால், மாகாணி, மா, காணி, முந்திரி என ஒவ்வொரு பின்னத்துக்கும் தனிப்பெயரும் தனிக்குறியும் இருந்தன. மாகாணி பதினாறில் ஒன்று. மா இருபதில் ஒன்று. காணி எண்பதில் ஒன்று. முந்திரி முந்நூற்றிருபதில் ஒன்று. பின்னம் ஒரே குறியாய் நின்றமையால், ஏட்டிலே எழுதப்பட்ட கணக்கு முழுவதும் ஒரே வரியிற் சென்றது. மேலெண்ணும் கீழெண்ணும் அங்கே வேண்டப்படவில்லை. இக்குறிகளிற் பல 2019-ஆம் ஆண்டிலே உலகப் பொதுவான ஒருங்குறி அட்டவணையிலும் இடம்பெற்றன. ஆயினும் அட்சரகணிதம் வந்தபோது இம்முறை போதாதாயிற்று. அறியாத எண்ணுக்கு ஓர் எழுத்தும், அதன் தலையில் ஒரு சுட்டியும், அதன்கீழ் ஒரு கோடும் வேண்டப்பட்டன. யாழ்ப்பாணத்திலே கறோல் விசுவநாதபிள்ளை இயற்றிய 'வீசகணிதம்' 1855-ஆம் ஆண்டில் அச்சேறியது. அக்காலந்தொட்டே தமிழ் எழுத்தையும் கணிதக் குறியையும் ஒரு பக்கத்திற் பொருத்தவேண்டிய பொறுப்பு அச்சுக்கோப்பவர்மீது சுமந்தது.

மட்டக்களப்புத் தமிழகத்தைப் பொறுத்தவரை, இவ்விடத்தில் நினைக்கவேண்டியவர் விபுலானந்த அடிகளார் ஆவர். 1892-ஆம் ஆண்டு காரைதீவிலே பிறந்து, மட்டக்களப்புப் புனித மைக்கேல் கல்லூரியிற் பயின்ற அவர், 1920-இல் இலண்டன் பல்கலைக்கழகத்தின் விஞ்ஞானப் பட்டம் பெற்றவர். யாழ்ப்பாணத்திலே விஞ்ஞான ஆசிரியராகப் பணியாற்றியவர். தமிழறிஞராக உலகம் போற்றும் அவர் விஞ்ஞானமும் கற்றவர் என்பதை நாம் மறந்துவிடுகின்றோம். அவருடைய 'யாழ் நூல்' 1947-ஆம் ஆண்டு யூன் மாதம் திருக்கொள்ளம்பூதூரிலே அரங்கேறியது. கரந்தைத் தமிழ்ச் சங்கம் அதனை வெளியிட்டது. அடுத்த மாதமே, யூலை 19-ஆம் நாள், அடிகளார் மறைந்தார். பழந்தமிழ் இசையின் நரம்புகளைக் கணித அளவைகளாலே ஆராய்ந்த நூல் அது.

இசையிலே கணிதம் எத்தன்மையதாய் வருகின்றது என்பதற்கு நானே ஓர் எடுத்துக்காட்டுத் தருகின்றேன். ஒரு நரம்பின் நீளத்தைப் பாதியாக்கினால், ஒலியின் அதிர்வு இருமடங்காகும். மூன்றில் இரண்டு பங்காக்கினால் அதிர்வு ஒன்றரை மடங்காகி, இளி என்னும் சுரம் பிறக்கும். இளியினின்று அதன் இளிக்கும், அதிலிருந்து அடுத்த இளிக்குமாகப் பன்னிரண்டு முறை சென்றால், தொடங்கிய சுரத்தையே ஏழு மடக்கு உயரத்திலே மீண்டும் அடைவோம் என்று எதிர்பார்க்கலாம். கணக்கிட்டுப் பாருங்கள்: (3/2)¹² என்பது 531441/4096, அதாவது நூற்றிருபத்தொன்பதே முக்காலுக்குச் சற்றுக் குறைவு. ஏழு மடக்கு என்பது 2⁷, அதாவது 128. இரண்டும் ஒன்றாகவில்லை. இச்சிறு வேற்றுமையை மேனாட்டார் பிதகோரசின் பெயரால் வழங்குவர். பண்களை ஆராய்வோர்க்கு இதுபோன்ற நுண்ணிய வேற்றுமைகளே உயிர்நாடி. இப்பொழுது அந்தப் பன்னிரண்டு என்னும் சிற்றெண் ஒரு மயிரிழை கீழிறங்கி வரியில் அமர்ந்துவிட்டதாகக் கொள்வோம். ஒன்றரையைப் பன்னிரண்டாற் பெருக்கியதாகிப் பதினெட்டு வரும். அடைப்புக்குறியும் விடுபட்டுப் போனால் 3/212 என்றாகி, ஒன்றினும் மிகச் சிறிய பின்னமாய்விடும். ஒரு சிற்றெண் இறங்கியதனாலே ஆராய்ச்சி முழுவதும் குலைந்துபோகும்.

ஈய எழுத்துக் காலத்திலே இதனை எவ்வாறு அமைத்தார்கள்? ஒவ்வோர் எழுத்தும் ஒரு சிறு உலோகக் கட்டை. ஒரே உயரமும் பருமனும் உள்ள கட்டைகளை ஒரு கோலில் வரிசையாய் நிறுத்தினால் உரைநடை வரி அமைந்துவிடும். பின்னம் வந்தபோது அவ்வரியை உடைக்கவேண்டும். மேலெண்ணுக்குச் சிறிய எழுத்திலே ஒரு வரி. அதன்கீழ் மெல்லிய உலோகக் கோடு. அதன்கீழ் இன்னொரு சிறு வரி. இடைவெளிகளை நிரப்பச் சிறு ஈயத் துண்டுகள். ஒரு துண்டு தளர்ந்தால் அச்சிடும்போது முழுப் பின்னமும் அசையும். மொனோடைப் நிறுவனத்தார் 1950-களிலே, ஒரு சமன்பாட்டை நான்கு வரிகளாகப் பகுத்து இயந்திரத்தால் வார்க்கும் முறையொன்றை வகுத்தார்கள். அவ்வாறாயினும், இறுதியிலே கைதேர்ந்த ஒருவர் குனிந்து நின்று திருத்தவேண்டியிருந்தது. கணிதப் பக்கத்துக்குக் கூலி அதிகம். ஆனால் அந்தத் தொழிலாளி தன் கையிலிருப்பது இடம்மாறக் கூடாத பொருள் என்பதை அறிந்திருந்தார்.

பாடசாலைகளிலே அச்சகத்துக்குச் செல்ல வசதியில்லாதபோது றோணியோ கைகொடுத்தது. மெழுகுத் தாளிலே தமிழைத் தட்டச்சாற் பொறித்து, சமன்பாட்டுக்கு வெற்றிடம் விட்டு, பின்னர் ஆசிரியர் தம் கையாலே கூரிய ஆணிகொண்டு அதனை எழுதுவார். அழகு குறைவு, ஆயினும் சுட்டி சுட்டியின் இடத்திலேயே இருந்தது. ஏனெனில், எழுதியவர் கணிதம் அறிந்தவர்.

மேசைக் கணினி வந்ததும் நிலைமை மாறியது. அல்டஸ் நிறுவனத்தாரின் பேஜ்மேக்கர் என்னும் மென்பொருள் 1985-ஆம் ஆண்டில் வெளிவந்தது. ஒருவர் தம் மேசையிலிருந்தபடியே பக்கத்தை வகுத்து அச்சிடலாம் என்னும் நிலை பிறந்தது. ஈழத்துத் தமிழ் வெளியீடுகளிலே 'பாமினி' முதலிய எழுத்துருக்கள் அதனோடு இணைந்து பெருவழக்காயின. இந்த எழுத்துருக்களின் அமைப்பை அறிந்தாலே பிழையின் மூலம் புலனாகும். ஆங்கில எழுத்துக்களுக்கும் குறிகளுக்கும் உரிய இடங்களிலே தமிழ் எழுத்தின் வடிவங்களை அமர்த்திவைப்பதே அவற்றின் முறை. கணினியின் உள்ளத்திலே இருப்பது ஆங்கில எழுத்து. கண்ணுக்குத் தெரிவது தமிழ். கணிதக் குறிகளுக்குரிய சில இடங்களையும் தமிழ் வடிவங்களே பிடித்துக்கொண்டன. ஆகவே, தமிழ் வரியின் நடுவே ஒரு சமன்குறி இடவேண்டுமாயின், எழுத்துருவை மாற்றி, குறியை இட்டு, மறுபடியும் பழைய எழுத்துருவுக்கு மாறவேண்டும். பின்னொரு நாளில் யாரேனும் அப்பந்தி முழுவதையும் தெரிந்து ஒரே எழுத்துருவாக்கினால், சமன்பாடு முழுவதும் பொருளற்ற தமிழ் எழுத்துக் கோவையாகிவிடும். சுட்டியை மேலே ஏற்றிய அமைப்பும், பந்தியை ஒரு கோப்பிலிருந்து இன்னொன்றுக்கு மாற்றும்போது கழன்றுவிடுவதுண்டு. என் வினாத்தாளிலே நேர்ந்தது இதுவே.

இவ்விடரிலிருந்து தப்பப் பலர் கண்ட வழி, சமன்பாட்டை வேறோரிடத்தில் அமைத்து, அதனைப் படமாகப் பிடித்துப் பக்கத்தில் ஒட்டுவது. படம் கலையாது என்பது உண்மை. ஆனால் வேறு குறைகள் உண்டு. திரையிலே தெளிவாகத் தோன்றும் படம் அங்குலத்துக்கு ஏறக்குறைய நூறு புள்ளிகளே கொண்டிருக்கும். நல்ல அச்சுக்கு முந்நூறேனும் வேண்டும். அது குறைந்தால் சுட்டி மங்கி, மூன்று எட்டுப்போலத் தோன்றும். படத்தை இழுத்துச் சிறிதாக்கினால் ஒரு பக்கத்திலே சமன்பாடுகள் ஒவ்வொன்றும் ஒவ்வோர் அளவாயிருக்கும். எல்லாவற்றிலும் பெரிய குறை, பிழை கண்டால் திருத்த முடியாமை. ஓர் எண்ணை மாற்றுவதற்குப் படம் முழுவதையும் மறுபடியும் செய்யவேண்டும்.

இச்சிக்கலுக்கு அடிப்படையான தீர்வைத் தந்தவர் அமெரிக்காவின் ஸ்டான்போர்ட் பல்கலைக்கழகப் பேராசிரியர் டொனால்ட் குனூத். 'கணினி நிரலாக்கக் கலை' என்னும் தம்முடைய பெருநூலின் இரண்டாந் தொகுதி மறுபதிப்புக்காக 1977-ஆம் ஆண்டிலே ஒளியச்சுமுறையிற் கோக்கப்பட்டு வந்தபோது, அதன் படிகளைக் கண்டு அவர் மனம் வருந்தினார். முதற்பதிப்பின் ஈய எழுத்திலிருந்த அழகு அதில் இல்லை. நூலை ஒதுக்கிவைத்துவிட்டு, கணிதத்தைச் செம்மையாக அச்சுக்கோக்கும் மென்பொருளொன்றை ஆக்கத் தொடங்கினார். ஓராண்டில் முடியும் என்று எண்ணிய பணி பத்தாண்டு அளவும் நீண்டது. அதன் பெயர் டெக். கலை, தொழிற்றிறன் என்று பொருள்படும் கிரேக்கச் சொல்லிலிருந்து எடுக்கப்பட்டது. யாரும் விலையின்றிப் பயன்படுத்தலாம் என்று உலகுக்கு அளித்துவிட்டார். 1980-களிலே லெஸ்லி லாம்போர்ட் அதன்மேல் அமைத்த லேடெக் என்னும் வடிவமே இன்று பெரிதும் வழங்குகின்றது.

டெக்கின் தத்துவம் யாது? "இவ்வெண்ணைச் சிறிதாக்கி மேலே ஏற்று" என்று அதற்குக் கட்டளையிடுவதில்லை. "இது சுட்டி" என்று சொல்கின்றோம். எவ்வளவு சிறிது, எவ்வளவு மேலே என்பதை அதுவே கணக்கிடும். தொடக்கத்தில் உங்களை எழுதச் சொன்னேனே, அந்தப் பின்னத்தை எடுத்துக்கொள்ளுங்கள். டெக்குக்கு அதனை ஒரே வரியில் எழுதலாம்: முதலிலே 'பின்னம்' எனப் பொருள்படும் கட்டளைச்சொல், அடுத்து நெளிவடைப்பொன்றினுள் மூன்று சக ஐந்து, அதனையடுத்து மற்றோர் அடைப்பினுள் இரண்டு. மூன்றைத் தனியே நிறுத்தவேண்டுமாயின் அதனைக் கட்டளைச்சொல்லுக்கு முன்னே வைத்தாற் போதும். கோட்டின் நீளத்தை நாம் சொல்லவேண்டியதில்லை. எது கோட்டின் மேல், எது கோட்டின் கீழ் என்பதைச் சொல்லிவிட்டோம். என் வாய்ச்சொல்லிலே இல்லாதிருந்தது அந்த அடைப்பே. சமன்பாட்டின் தோற்றத்தை அன்று, அதன் அமைப்பையே கணினியிடம் ஒப்படைக்கவேண்டும் என்பதே இன்று நான் வற்புறுத்த விரும்பும் செய்தி.

இந்நெறி எழுத்துக்கும் பொருந்தும். பாமினி போன்ற எழுத்துருக்கள் தமிழின் தோற்றத்தை மாத்திரம் தந்தன. 1991-ஆம் ஆண்டு வெளியான ஒருங்குறி முறையோ தமிழ் எழுத்துக்களுக்குத் தமக்கே உரிய இடங்களை அளித்தது. கணிதக் குறிகளுக்கும் அம்முறையிலே தனியிடங்கள் உண்டு. ஆகவே ஒருங்குறியில் எழுதினால் தமிழும் கணிதமும் ஒன்றன் இடத்தை மற்றொன்று பறிப்பதில்லை. 2004-ஆம் ஆண்டிலே யொனதன் கியூ என்பவர் வெளியிட்ட ஸீடெக் என்னும் கருவி, ஒருங்குறித் தமிழையும் டெக்கின் கணிதத்தையும் ஒரே பக்கத்தில் அமைக்க வழிசெய்தது.

எல்லா ஆசிரியர்களும் டெக் கற்கவேண்டும் என்று நான் சொல்லவில்லை. பெரும்பாலோர் பயன்படுத்தும் மைக்ரோசொப்ட் வேர்ட்டிலும் 2007-ஆம் ஆண்டுப் பதிப்பு முதல் இதே தத்துவத்தில் அமைந்த சமன்பாட்டுக் கருவி இருக்கின்றது. ஆல்ட் என்னும் விசையையும் சமன்குறி விசையையும் ஒருங்கே அழுத்தினால் சமன்பாட்டுக்குரிய பெட்டி திறக்கும். அதனுள்ளே மூன்று, சாய்கோடு, இரண்டு என்று தட்டி இடைவெளி விசையை அழுத்தினால், அது தானே மேலும் கீழுமான பின்னமாக எழுந்து நிற்கும். சுட்டிக்கு முன்னே கூரைபோன்ற குறியை இட்டால் சுட்டி மேலே ஏறும். விலையின்றிக் கிடைக்கும் லிப்ரே ஒபிஸ் தொகுதியிலும் கணிதத்துக்கென ஒரு பகுதி உண்டு. பக்கம் வகுப்பதற்கு ஸ்கிரைபஸ் என்னும் இலவச மென்பொருளைப் பயன்படுத்துவோர், அதன் சட்டகம் ஒன்றினுள் டெக் கட்டளையை எழுதிச் சமன்பாட்டைத் தோற்றுவிக்கலாம். வேறு மென்பொருளிலே பக்கம் வகுப்போர், சமன்பாட்டைப் புள்ளிப் படமாக அன்றி, கோட்டுருவமாகப் பீ.டி.எப். கோப்பிலே பெற்று இடவேண்டும். கோட்டுருவம் எவ்வளவு பெரிதாக்கினும் சிறிதாக்கினும் மங்காது. சமன்பாட்டின் மூலக் கட்டளையையும் பக்கத்தோடு சேர்த்துப் பாதுகாத்தல் வேண்டும்.

மூலத்தைப் பாதுகாத்தலின் அருமையை அண்மைக்கால நிகழ்ச்சியொன்று உணர்த்திற்று. வேர்ட்டின் பழைய சமன்பாட்டுக் கருவியிலே, தீயோர் கணினியினுட் புகுவதற்கு இடந்தரும் பலவீனம் ஒன்று காணப்பட்டது. மைக்ரோசொப்ட் நிறுவனத்தார் 2018-ஆம் ஆண்டு சனவரி மாதத்திலே அக்கருவியை அகற்றிவிட்டார்கள். பழைய சமன்பாடுகள் கண்ணுக்குத் தெரிந்தன. ஆனால் அக்கருவியால் அவற்றைத் திருத்த இயலாதுபோயிற்று. ஆண்டுக்கணக்காக வினாக்களைச் சேர்த்துவைத்த ஆசிரியர்கள் வேறு மென்பொருளை நாடவோ, புதிதாய்த் தட்டவோ நேர்ந்தது. ஒரே நிறுவனத்தின் பெட்டியினுள் அடைபட்ட சமன்பாட்டுக்கு அப்பெட்டியின் ஆயுளே ஆயுள். எழுத்தாலே எழுதப்பட்ட கட்டளையோ எக்கணினியிலும் படிக்கத்தக்கது.

இனி, பக்கம் அமைப்போர் மனத்திற் கொள்ளவேண்டிய சில சிறு விதிகளைக் கூறுகின்றேன். கழித்தற்குறியும் சொற்களை இணைக்கும் சிறுகோடும் ஒன்றல்ல. சிறுகோடு குறுகியது, எளிதிற் கண்ணுக்குத் தப்பிவிடும். பெருக்கற்குறியும் எக்ஸ் என்னும் ஆங்கில எழுத்தும் ஒன்றல்ல. ஒன்றுக்கு மற்றதை இட்டால் மாணவர் மயங்குவர். அறியாக் கணியங்களைக் குறிக்கும் எழுத்துக்கள் சாய்வாகவும், எண்களும் சைன், கோசைன் முதலிய பெயர்களும் நிமிர்ந்தும் நிற்றல் மரபு. தமிழ் எழுத்துக்கள் மேலே விசிறியும் கீழே சுழியும் உடையன. அவற்றின் வரிக்கு நடுவே உயர்ந்த பின்னத்தைத் திணித்தால் மேல்வரியோடு மோதும். ஆதலின் பெரிய சமன்பாட்டைத் தனிவரியில், மேலும் கீழும் இடம்விட்டு அமைக்கவேண்டும். நீண்ட சமன்பாட்டை முறிக்க நேர்ந்தால், சமன்குறிக்கோ கூட்டற்குறிக்கோ முன்னே முறித்து, அக்குறியை அடுத்த வரியின் தலையில் வைத்தல் நன்று. எல்லாவற்றுக்கும் மேலாக, அச்சாகி வந்த தாளைக் கணிதம் அறிந்த ஒருவர் கையிலே பென்சிலுடன் இருந்து, ஒரு மாணவன் செய்வதுபோல வினாக்களைச் செய்து பார்க்கவேண்டும். வெறுமனே படித்துப் பார்ப்பவரின் கண் தான் எதிர்பார்ப்பதையே காணும். செய்துபார்ப்பவரின் கை அங்கே உள்ளதையே காணும். அன்று நான் அவ்வாறு செய்திருந்தால் 25 + 32 என்னைத் தப்பியிராது.

இன்னுமொரு பயனைச் சொல்லி முடிக்கின்றேன். கண்பார்வை இழந்த மாணவர்கள் இன்று கணினி வாய்விட்டுப் படிப்பதைக் கேட்டுக் கற்கின்றார்கள். படமாக ஒட்டப்பட்ட சமன்பாட்டுக்கு முன்னே அக்கணினி ஊமையாகிவிடும். அமைப்போடு எழுதப்பட்ட சமன்பாட்டையோ, கோடு எங்கே தொடங்குகின்றது, எங்கே முடிகின்றது என்பதையும் சேர்த்துப் படித்துக் காட்ட வழியுண்டு. இணையப் பக்கங்களிலே சமன்பாட்டின் அமைப்பைக் குறிப்பதற்கு 1998-ஆம் ஆண்டிலே மாத்எம்எல் என்னும் பொதுமுறையும் வகுக்கப்பட்டது. வானொலியிலே கணிதம் பேசுவது எளிதன்று என்று தொடங்கினேன். பேச முடியாதது கணிதமன்று. அமைப்பைச் சொல்லாமல் விட்ட பேச்சே குறையுடையது என்பது இப்பொழுது விளங்கும்.

எங்கள் வாவிக்கு மேலே 2014-ஆம் ஆண்டில் மண்முனைப் பாலம் திறக்கப்பட்டது. அதற்கு முன்னர் படுவான்கரைப் பிள்ளைகள் பலர் படகுப்பாதைக்குக் காத்திருந்து அக்கரை சென்று கற்றார்கள். அவர்கள் தமிழிலே கணிதமும் விஞ்ஞானமும் பயில்கின்றார்கள். 1981-இல் பல்கலைக்கழகக் கல்லூரியாகத் தொடங்கி 1986-இல் முழுமை பெற்ற வந்தாறுமூலைக் கிழக்குப் பல்கலைக்கழகம் முதலிய உயர்நிலையங்களை நோக்கி நடக்கின்றார்கள். அப்பிள்ளைகளின் கையில் நாம் கொடுக்கும் தாளிலே ஒவ்வோர் எண்ணும் தனக்குரிய கரையில் நிற்கவேண்டும். "எது சரி, சேர்?" என்று ஒரு பிள்ளை இனிமேல் கேட்க நேருமாயின், அது கணிதத்தின் அருமையை எண்ணிக் கேட்கும் வினாவாக இருக்கட்டும், நம்முடைய கவலையீனத்தால் விளைந்த வினாவாக இருக்கவேண்டா.